காற்றுத்துளையில் ஒரு காலுறை

உள்ளங்கையை விரித்துச் சுவரோடு சுவராக நகர்த்திக்கொண்டு உர்சுலா வீடு முழுக்க நடந்தாள். இப்படித் தடவிப் பார்ப்பது இந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு வந்த புதுப் பழக்கம். முன்பெல்லாம் தடவிப் பார்க்க வேண்டியதே இல்லை. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் போகும். திரைச்சீலை தானாக அசையும். மகள் கிங்காவின் அறை மூலையில் பூஞ்சை கறுப்பாகப் பூத்து, எத்தனை முறை துடைத்தாலும் அதே இடத்தில் அதே வடிவத்தில் திரும்ப வரும். போலந்தின் நிலக்கரி ஊரான பித்தோமில் அந்தத் தெரு வீடுகள் எல்லாமே அப்படித்தான். அடியில் சுரங்கம் தோண்டித் தோண்டி, மேலே செங்கல் வீடுகள் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து விரிசல் விட்டிருந்தன.

இப்போது சுவர் சும்மா இருந்தது. முற்றத்துப் பக்கத்து வெளிச்சுவர் முழுக்கத் தெர்மாகோல் பலகை ஒட்டி மேலே பூசியாயிற்று. தலைக்கு மேலே பரணில் அந்தக் காலத்தில் கொட்டிவைத்திருந்த கரிச்சாம்பல் கட்டிகளையும் மக்கிய வைக்கோலையும் மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டு, முழங்கால் உயரத்துக்குப் பஞ்சு பரப்பியாயிற்று. ஜன்னல்கள் எல்லாம் புதியவை. கைப்பிடியைத் திருகினால் ரப்பர் மேல் ரப்பர் அழுந்தி, தெருவில் போகும் டிராமின் சத்தம்கூடச் சட்டென்று அறுந்துபோகும். அந்த அமைதியை முதல் நாள் கேட்டபோது அவள் சமையலறையில் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாளைக்குக் கிங்கா வருகிறாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் கிங்காவுக்கு நெஞ்சுச்சளி கட்டி, ஆறி, மறுபடி கட்டியபோது, அவளுடைய அப்பா கெரார்ட் வந்து பூஞ்சை மூலையைப் பார்த்தான். அவனும் உர்சுலாவும் பிரிந்து அப்போதே வெகுநாள் ஆகியிருந்தது. பெண்ணின் உடுப்புகளைப் பையில் எடுத்து வைத்து, பக்கத்து ஊரான கிளிவிட்சேயில் இருந்த தன் புது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. அந்தக் கொஞ்ச நாள் அப்படியே நீண்டுவிட்டது. இப்போது அவனுக்கு ஹாலந்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஈஸ்டர் முடிந்ததும் கிளம்புகிறான். அப்பாவோடு போவதா, அம்மாவோடு இருப்பதா என்பதைக் கிங்காவே சொல்லட்டும் என்று விட்டிருந்தார்கள். அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளியின் குளிர்கால விடுமுறைக்கு அம்மா வீட்டில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தாள்.

இருந்து பார்த்துவிட்டு. அந்த வார்த்தையை உர்சுலா பல்லில் சிக்கிய நார் போல நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் பேசுகிற பேச்சு.

குளியலறையில் கை நின்றது. கேஸ் கீசருக்கு மேலே, கூரையை ஒட்டி இருந்த காற்றுத்துளையிலிருந்து பனிக்கட்டி மாதிரி காற்று நேராக இறங்கியது. ஜன்னல் மாற்றியதிலிருந்து அது முன்னைவிட வேகமாகத்தான் வீசியது. தனியாக இருந்தபோது அவள் அதைப் பொருட்படுத்தவில்லை, அவசரமாகக் குளித்துவிட்டு ஓடிவந்துவிடுவாள். ஆனால் ஈரத் தலையோடு நிற்கும் கிங்காவின் மேல் இது விழுந்தால்?

அலமாரியின் அடித்தட்டில் அந்தப் பழைய கம்பளிக் காலுறை கிடந்தது. சாம்பல் நிறம், முட்டிவரை வருகிற நீளம். கெரார்ட் சுரங்கத்துக்குப் போகும்போது போடுவது. ஜோடியில் ஒன்று எப்போதோ தொலைந்துபோக, மிஞ்சிய இதைச் சுருட்டிக் காற்றுத்துளையில் அடைத்து வைத்திருந்தார்கள். வருஷக்கணக்கில் அது அங்கேதான் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே வரும்.

அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு துணி உண்டு. இலையுதிர்காலக் கடைசியில் புகைபோக்கிக்காரர் கறுப்புச் சட்டையும் பித்தளைப் பொத்தானுமாகச் சோதனைக்கு வருவார். அவர் தலை தெருமுனையில் தெரிந்ததுமே கீழ்வீட்டு த்ரூடா மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பாள். "வர்றாரு, வர்றாரு. சாமானை எடுங்க." உடனே மேலும் கீழும் ஸ்டூல்கள் இழுபடும் சத்தம் கேட்கும். யாரோ பழைய பனியனை, யாரோ தலையணை உறையை, யாரோ செய்தித்தாளை உருவுவார்கள். அவர் வந்து துளைக்கு நேரே காகிதத்தைப் பிடித்து, காற்று இழுக்கிறதா என்று பார்த்து, சரி என்பார். எதையும் அடைக்காதீர்கள் என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அவரைக் கண்டால் அதிர்ஷ்டம் என்று தங்கள் சட்டைப் பொத்தானையும் தொட்டுக்கொள்வார்கள். அவர் காலடி படியிறங்கி மறைவதற்குள் சாமான்கள் பழைய இடத்துக்குப் போய்விடும்.

இந்த முறை அவர் வந்துபோன கையோடு ஜன்னல் வேலை தொடங்கிவிட்டது. வேலைக் குப்பையில் காலுறையை உர்சுலா மறந்துபோனாள்.

ஜன்னல் பொருத்தியவன் சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு நீளப் பிளவை வைத்திருந்தான். அதை மூட வேண்டாம், வீட்டுக்குக் காற்று வேண்டும் என்று போகிற போக்கில் சொன்னான். அவன் போனபின் த்ரூடா இடுப்பில் கைவைத்து அதை அண்ணாந்து பார்த்தாள்.

"ஓட்டையை அடைக்கத்தானே ஜன்னல் போட்டோம்? அதுலயே ஒரு ஓட்டையைப் போட்டுட்டுப் போறான் பாரு. இவனுங்க கல்யாணம் பண்ணினா பொண்ணுக்குப் பதிலா மாமியாரைக் கூட்டிட்டு வருவானுங்க போல."

"ராத்திரி அது விசில் அடிக்குது, பானி த்ரூடா," என்றாள் உர்சுலா, அந்த ஊர் வழக்கப்படி பேருக்கு முன்னால் மரியாதையாகப் பானி சேர்த்து.

"டேப்பை ஒட்டு, ஊலா. நானும் ஒட்டிட்டேன்." தெரிந்தவர்களுக்கு உர்சுலா எப்போதும் ஊலாதான்.

ஒட்டினாள். இப்போது ஸ்டூலைப் போட்டு ஏறி, காலுறையையும் சுருட்டித் துளைக்குள் திணித்தாள். குளியலறைக் கதவின் அடியில் வரிசையாக இருந்த வட்ட ஓட்டைகளுக்கும் ஒரு கம்பளிப் பட்டையை ஒட்டினாள். உள்ளங்கையை மறுபடி நீட்டினாள். ஒன்றுமில்லை. எந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. அவளுக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் கெரார்ட் பெண்ணைக் கொண்டுவந்து விட்டான். வாசலில் நின்றபடியே கழுத்துத் துண்டை அவிழ்த்தான்.

"சூடா இருக்கே," என்றான்.

"ம்."

"நல்லாத்தான் பண்ணியிருக்க." கிங்காவின் தலையில் கைவைத்துவிட்டு இறங்கிப் போனான்.

கிங்கா அறைகளைச் சுற்றி வந்தாள். தன் அறையின் மூலைக்குப் போய், பூஞ்சை இருந்த இடத்தை விரலால் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு, எதையோ யோசித்துக்கொண்டே, பழுப்பு ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டாள்.

உர்சுலா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், தன் முகத்தைப் பெண் பார்த்துவிடக் கூடாது என்று. இந்த வீட்டில் கிங்கா ஸ்வெட்டரைக் கழற்றியதே கிடையாது. தூங்கும்போதுகூட. ஒரு ஸ்வெட்டர் நாற்காலியில் கிடப்பதற்காக ஒரு வருஷம் ஓடி ஓடி அலைந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. குழாயில் வெந்நீர் ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் கீசர் எரிந்தது.

மறுநாளே எல்லாம் மாறிப்போனது.

காலையில் கிங்கா எழுந்து வரவே நேரமாகிவிட்டது. முகம் வெளிறியிருந்தது. ரொட்டியைத் தொடவில்லை.

"தலை வலிக்குதும்மா."

"போன்ல ராத்திரி பூரா பேசினா வலிக்காதா?"

"பேசலை. தூங்கினேன். தூங்கித் தூங்கியே வலிக்குது."

வெளியே போய்வரலாம் என்று அவளே சொன்னாள். சந்தைச் சதுக்கம்வரை நடந்தார்கள். குளிர் காற்றில் கிங்காவின் கன்னத்தில் நிறம் வந்தது. பள்ளியைப் பற்றியும், ஆசிரியை ஒருத்தி தும்மும் விதத்தைப் பற்றியும் சொல்லிச் சிரித்தாள். உர்சுலாவும் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டாள். வெளியே இருந்தால் சிரிக்கிறாள். வீட்டுக்குள் வந்தால் சுருண்டுவிடுகிறாள். அப்படியானால் வலி தலையில் இல்லை.

அவளுக்கு இது பழக்கமான பாதை. கெரார்டோடு இருந்த நாட்களிலும் அவன் கதவை மூடும் சத்தத்திலிருந்து, கோப்பையை வைக்கும் விதத்திலிருந்து, தனக்கான தீர்ப்பை எடுத்துக்கொள்வாள். அவன் பெரும்பாலும் களைத்துத்தான் போயிருப்பான். களைப்பு என்று அவன் சொன்னாலும் அவள் நம்பியதில்லை.

சாயங்காலம் கிங்கா சோபாவில் படுத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இங்க ஒரு மாதிரி இருக்கும்மா. குமட்டற மாதிரி."

"புதுச் சுவர்ப் பூச்சு வாசனையா இருக்கும்."

"வாசனை எதுவும் வரலை."

"அப்பா வீட்ல இப்படி இல்லையா?"

கிங்கா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். "நான் அப்பா வீட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல வேணாம். புரியுது."

"என்ன புரியுது? எனக்குத் தலை வலிக்குது. அதுல என்ன புரியறதுக்கு இருக்கு?"

அவள் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். உர்சுலா இருட்டத் தொடங்கிய சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். சுவர் கதகதப்பாக இருந்தது. முதுகைச் சாய்த்தால் உயிருள்ள ஒன்றின் மேல் சாய்வதைப் போல இருந்தது. எல்லாம் செய்தாயிற்று. சுவர் மாற்றி, கூரை மாற்றி, ஜன்னல் மாற்றி. இதற்குமேலும் அவள் போய்விட்டால் குளிரின் மேல் பழி போட முடியாது. பாக்கி இருப்பது தான் ஒருத்திதான். அந்த எண்ணம் வந்ததும் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை விருந்து சமைப்பது என்று முடிவு செய்தாள். மாட்டிறைச்சிச் சுருளும் சிவப்பு முட்டைக்கோசும், நடுவில் குழி வைத்த உருளைக்கிழங்கு உருண்டையும். கிங்கா சின்ன வயதில் அந்தக் குழிகளைத் தானே அழுத்துவேன் என்று அடம்பிடிப்பாள். காலையில் அடுப்பு மூட்டியதிலிருந்தே சமையலறை ஜன்னல்களில் நீர் கோத்துக்கொண்டு வழிந்தது. வெளியே பனி பெய்வதுகூடத் தெரியவில்லை.

"நான் குளிச்சிட்டு வரேன்," என்றாள் கிங்கா. "வெந்நீர்ல கொஞ்ச நேரம் கிடந்தா வலி போகும்."

"கிட. எவ்வளவு நேரம் வேணும்னாலும் கிட. இப்ப அங்க குளிராது."

கதவுக் கொக்கி விழும் சத்தம். தண்ணீர் விழும் சத்தம். கீசர் தப்பென்று பற்றிக்கொள்ளும் சத்தம். உர்சுலா மாவை உருட்டி, கட்டைவிரலால் குழி அழுத்தி, தட்டில் வைத்தாள். முன்பெல்லாம் கிங்கா குளிக்கப் போனால் பல் கிட்டிக்கொண்டு உடனே ஓடிவந்துவிடுவாள், அடுப்பு முன்னால் நின்று நடுங்குவாள். இப்போது கதவுக்குப் பின்னாலிருந்து வரும் அந்த நீண்ட அமைதி அவளுக்கு இனித்தது. இருக்கட்டும். ஆசை தீரக் கிடக்கட்டும். ஒரு வீட்டின் குளியலறையில் அவ்வளவு நேரம் கிடப்பவள் அந்த வீட்டை விட்டுப் போவாளா?

உருண்டைகளைக் கொதிக்கும் நீரில் போட்டாள். உப்புப் போட்டாள். போட்டோமா என்று தெரியாமல் மறுபடி போட்டாள். கரண்டி கைநழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழ முடியாமல் அப்படியே மண்டியிட்டாள். தலைக்குள் யாரோ மெத்தென்ற சுத்தியலால் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

தரையில் உட்கார்ந்தபடியே ஒரு எண்ணம் மெதுவாக, தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப் போல, மேலே வந்தது. எனக்கும் வலிக்கிறது. அவளுக்கும் வலிக்கிறது. ஒரே இடத்தில். அவள் என்னைப் பிடிக்காமல் சுருண்டுகொள்ளவில்லை. அவளுக்கு வலித்தது, அவ்வளவுதான். அவள் சொன்னது நிஜம்.

ஒரு கணம் அது ஆறுதலாகக்கூட இருந்தது. அடுத்த கணம், மேலே துளையில் திணித்த காலுறை அவள் கண் முன்னால் வந்தது.

"கிங்கா."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கிங்கா, கதவைத் திற."

சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். தோளால் இடித்தாள். கொக்கி அசையவில்லை. மறுபடி இடித்தபோது மரச் சட்டம் பிளந்து கதவு உள்ளே போனது. நீராவி முகத்தில் அடித்தது. அதற்குள்ளே கீசரின் நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக, நாக்கு நாக்காக ஆடிக்கொண்டிருந்தது. கிங்கா தொட்டியின் விளிம்பில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. நன்றாகத் தூங்கும் குழந்தையின் நிறம்.

குழாயைத் திருகி மூடிவிட்டு, அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தாள். ஈர உடம்பு நழுவியது. மறுபடி பிடித்தாள். எப்படிக் கூடம்வரை வந்தாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. ஜன்னல் கைப்பிடியைத் திருகியது மட்டும் நினைவிருந்தது. திருகியதும் ஜன்னல் திறக்காமல் மேல்பக்கம் மட்டும் ஒரு சாண் சாய்ந்தது. மூடினாள், வேறு பக்கம் திருகினாள், மறுபடி பூட்டிக்கொண்டது. பொருத்திய நாளிலிருந்து அவள் அந்த ஜன்னலை ஒருமுறைகூட முழுதாகத் திறந்ததில்லை. எந்தப் பக்கம் திருக வேண்டும் என்றே தெரியவில்லை. வாயில் ஏதேதோ சொல்லிக்கொண்டு, இரண்டு கையாலும் தொங்கி இழுத்தாள். ரப்பர் பிய்வதைப் போன்ற சத்தத்தோடு அது முழுக்கத் திறந்தது. கரிப்புகை வாசனையோடு குளிர் உள்ளே விழுந்தது. பனித்துகள் தரையில் வந்து உட்கார்ந்தது.

மற்ற ஜன்னல்களையும் அதே மாதிரி திறந்தாள். பிறகு கிங்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்துக் கத்தினாள். த்ரூடா வந்தாள். அவள்தான் போன் செய்தாள், அவள்தான் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். கிங்காவின் உதடுகளுக்கு நடுவே ஒரு முனகல் வந்தது. பிறகு வாந்தி வந்தது. அந்த வாந்தியை உர்சுலா தன் கையில் ஏந்தினாள்.

தீயணைப்புக்காரர்கள் படியேறும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் கிங்காவுக்கு முகமூடி மாட்டினார்கள். தீயணைப்புக்காரர் ஒருவர் கையில் நச்சுவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவியை நீட்டிப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். ஜன்னலெல்லாம் திறந்திருந்தும் அது விடாமல் கத்தியது. அவர் ஸ்டூலில் ஏறித் துளையைப் பார்த்தார்.

"துளை சும்மாத்தான் இருக்கு. இதை யாராச்சும் அடைச்சிருந்தீங்களா?"

"இல்லைங்க," என்றாள் த்ரூடா, யாரும் கேட்பதற்கு முன்னால். "யாரும் எதையும் அடைக்கலை. புகைபோக்கிலதான் ஏதோ கோளாறு. எத்தனை தடவை நகராட்சில சொல்லியாச்சு."

அவளுடைய மேலங்கிப் பை புடைத்திருந்தது. ஓரத்தில் சாம்பல் நிறக் கம்பளி நுனி தெரிந்தது. சோதனைக்கு ஆள் வருகிறார் என்றதும் அவள் கை தானாகவே வேலையைச் செய்திருந்தது. வழக்கம்போல. உர்சுலாவைப் பார்த்து லேசாகக் கண்ணசைத்தாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கொருவர் செய்கிற உதவிதான்.

உர்சுலா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். புகைபோக்கி என்று எழுதிக்கொள்வார்கள். கெரார்ட் நகராட்சியைத் திட்டுவான். வீடு குற்றவாளியாகும், அவள் ஆகமாட்டாள். கிங்காவுக்குக்கூட ஒருநாளும் தெரியவேண்டியதில்லை.

ஸ்ட்ரெச்சரில் கிங்காவின் கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உர்சுலா அதை மூடினாள். மூடிவிட்டு, த்ரூடாவின் பையில் கைவிட்டுக் காலுறையை உருவினாள்.

"நான்தான் அடைச்சேன். ஜன்னல்ல டேப்பும் நான்தான் ஒட்டினேன். கதவுலயும்."

"ஊலா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"உங்க வீட்லயும் புது ஜன்னல்தானே, பானி த்ரூடா? உங்க துளையில என்ன இருக்கு?"

த்ரூடாவின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. தீயணைப்புக்காரர் காலுறையை வாங்கி ஒருமுறை விரித்துப் பார்த்தார், நீளமாக, ஒரு காலின் வடிவத்தில். பிறகு படியிறங்கி, ஒவ்வொரு கதவாகத் தட்டத் தொடங்கினார். ஆம்புலன்ஸ் வரை இறங்கும்போது உர்சுலாவுக்கு மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து ஸ்டூல்கள் இழுபடும் சத்தம் கேட்டது.

மருத்துவமனை நடைவழியில் கெரார்ட் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லைங்கறாங்க," என்றான். "என்ன ஆச்சு ஊலா?"

"குளியலறைத் துளையை அடைச்சிருந்தேன்."

"எதை வெச்சு?"

"உன் காலுறையை. சுரங்கத்துக்குப் போட்டுட்டுப் போவியே."

"அதை முதல்ல வெச்சது நான்தானே. கிங்கா பொறந்த குளிர்காலம். அது அப்பலேர்ந்து அங்கதானே இருந்துச்சு. அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே."

"அப்ப ஜன்னல் ஓட்டையா இருந்துச்சு."

அவன் உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். திட்டுவான் என்று காத்திருந்தாள், திட்டினால் தேவலை போலவும் இருந்தது.

"அவளை நான் கூட்டிட்டுப் போறேன்," என்றான் கடைசியில்.

"தெரியும்."

கிங்கா முகமூடிக்குள்ளிருந்து பேசினாள். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

"உருண்டை என்ன ஆச்சும்மா?"

"கஞ்சியாப் போயிருக்கும்."

"நான் குழி அழுத்தவே இல்லை."

"நீ எங்க, சின்னப் பொண்ணா?" என்றாள் உர்சுலா. பிறகு, "நீ தலை வலிக்குதுன்னு சொன்னப்போ நான் கேட்கலை," என்றாள்.

கிங்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று உர்சுலா எழப்போனபோது மறுபடி பேசினாள்.

"என் ஸ்வெட்டர் அங்க நாற்காலில கிடக்கு."

"அப்பாகிட்ட குடுத்தனுப்பறேன்."

"வேணாம். அது அங்கயே இருக்கட்டும்."

அது மறுபடி வருவேன் என்பதா, அந்த வீட்டுச் சாமான் எதுவும் வேண்டாம் என்பதா? கேட்க வாயெடுத்தாள். உர்சுலா கேட்கவில்லை. பெண் சொன்னது ஸ்வெட்டரைப் பற்றித்தான், வேறொன்றும் சொல்லவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்வது சுலபமாக இல்லை.

அவள் வீட்டுக்கு வந்தபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்தபடியே இருந்தன. த்ரூடா எதையும் தொடவில்லை. கூடத்தில் பனி மெல்லிய கோடாகப் படிந்திருந்தது. கீசரில் தீயணைப்புக்காரர்கள் வைத்த சிவப்பு முத்திரை தொங்கியது. அத்தனை நாள் சேர்த்துவைத்த சூடு ஒரு பகலுக்குள் தெருவுக்குப் போய், வீட்டுக்குள் பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது.

ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். இப்போது கைப்பிடி எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஸ்டூலில் ஏறி, சட்டத்தின் மேல்விளிம்பில் ஒட்டிய டேப்பை நகத்தால் சுரண்டிப் பிய்த்தாள். பிளவு விசில் அடித்தது. உள்ளங்கையை அதற்கு நேரே வைத்தாள். நூல் மாதிரி ஒரு குளிர் வந்து கையில் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.

நாற்காலியின் முதுகில் பழுப்பு ஸ்வெட்டர் இருந்தது. ஒரு கை உள்ளே மடிந்து, கழற்றியபடியே. உர்சுலா கோட்டைப் பொத்தானிட்டுக்கொண்டு, அதற்கு எதிரே உட்கார்ந்தாள்.